ஈறின் நிறமும் நாலு செருப்பும்

செப்டம்பர் 12

டேய்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சிரித்த சிரிப்புக்குப் பிறகு, உன்னோடு இனி போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கே பாய்கிறாய். கடிதத்தில் அது நடக்காது. கடைசி வரி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆகவேண்டும். பதிலையும் எழுதி அனுப்பு. தபால்தலை எங்கே ஒட்டுவது என்று தெரியாவிட்டால் யாரையாவது கேள். அம்மாவிடம் மூச்சு விடாதே. தெரிந்தால் அடுத்த வண்டியில் ஏறி இங்கே வந்து நிற்பாள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் பல் மருத்துவக் கல்லூரியில் முதல் வாரமே சீட்டுக் குலுக்கி எல்லோருக்கும் ஜோடி போட்டார்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் நாங்கள் ஒருவர் வாயில் ஒருவர் பழக வேண்டும். ஒரு நாள் நான் நாற்காலியில் படுப்பேன், அவள் பார்ப்பாள். மறுநாள் அவள் படுப்பாள். படிப்பு முடிகிறவரை அதே ஜோடிதான். அக்டோபர் கடைசியில் ஊசி. வாய் மரத்துப்போகும் மருந்தை நாங்கள் ஜோடிக்குப் போட வேண்டும், ஜோடி எங்களுக்குப் போட வேண்டும். அதை முடிக்காதவர்களை நோயாளிகள் பக்கம் விடமாட்டார்கள். ஒரு வருஷம் அப்படியே போய்விடும்.

எனக்கு விழுந்தது செம்பட்டை. என் அறைத்தோழிகளும் நானும் அவளை அப்படித்தான் சொல்கிறோம். செம்பட்டை முடி, முகம் முழுக்கப் புள்ளி, வெயில் பட்டால் தோல் தக்காளி ஆகிவிடும். நம் ஆள் இல்லை என்று இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை முதல் பரிசோதனை. நான் சாய்ந்து படுத்தேன். விளக்கை இழுத்தாள். சின்னக் கண்ணாடியால் என் உதட்டை விலக்கினாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டினாள். மறுபடி பார்த்தாள். பிறகு பேராசிரியையைக் கூப்பிட்டாள். பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் இடுக்கி. பிடித்தால் விடமாட்டார். அவர் வந்து சேர்வதற்குள் இவள் என்னிடம் குனிந்து, "நீ சிகரெட் பிடிப்பியா?" என்று கேட்டாள்.

என் ஈறு, புகை பிடிப்பவர்களுடையது போல, கறுப்பாக இருக்கிறதாம். உன் ஈறும் கறுப்பு, அப்பாவுடையதும் கறுப்பு. நம் தெருவில் யார் சிரித்தாலும் தெரிவது அந்தக் கறுப்புதான். அது ஒரு செய்தி என்றே இதுவரை எனக்குத் தெரியாது. இடுக்கி ஒரு பார்வை பார்த்தார். "இது இயல்பான நிறம். நல்ல ஆரோக்கியமான ஈறு. எல்லாரும் வந்து பாருங்க, பின்னாடி உதவும்" என்றார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தபடி படுத்திருந்தேன். திறந்த வாயோடு கோபப்பட முடியாது, முயன்று பார்.

அறையில் வந்து சொன்னபோது யாருக்கும் ஆச்சரியமே இல்லை. "நமக்கு இதெல்லாம் புதுசாடீ? அவ கையுறையை மாத்தினப்பவே நீ எழுந்து வந்திருக்கணும்" என்றார்கள். உன்னிடம் சொன்னேன். "சிகரெட்டா? நீயா?" என்று சிரித்தாய். உனக்குக் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

ஜோடியை மாற்றச் சொல்லிக் கேட்கப்போகிறேன். என் வாயைப் பார்த்து முகம் சுளிப்பவள் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு என்னால் படுத்திருக்க முடியாது.

முந்திப் பிறந்தவள்


செப்டம்பர் 18

அக்கா,

இரட்டையில் ஒருத்தியை அக்கா என்று கூப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். மன்னிப்பு வேண்டும்போது மட்டும்தான் கூப்பிடுவேன். இப்போது வேண்டும். சிரித்தது தப்பு. ஆனால் சிகரெட் என்றதும் ஆறாம் வகுப்பில் ஊதுவத்திப் புகைக்கே நீ இருமிக்கொண்டு வெளியே ஓடியது ஞாபகம் வந்துவிட்டது.

தபால்தலை ஒட்டத் தெரியும். நன்றி.

குறுக்கே பேசாமல் முழுதும் படித்தேன், மூன்று தடவை. எனக்குச் சில கேள்விகள். உன்னைக் குற்றம் சொல்ல அல்ல. எங்கள் நில அளவைப் படிப்பில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஓர் எண்ணை எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். 'சும்மா தோணிச்சு' என்றால் வெளியே நிற்க வேண்டும்.

அவள் முகம் சுளித்தாள் என்று எழுதியிருக்கிறாய். பரிசோதனை அறையில் முகக்கவசம் போட மாட்டீர்களா? கவசத்துக்குள் சுளித்தது உனக்கு எப்படித் தெரிந்தது? கையுறையை மாற்றினாள் என்கிறாய். அதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கை எதைத் தொட்டது? இன்னொன்று. உன் வாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். மறுநாள் நீ அவள் வாயைப் பார்த்திருப்பாய் அல்லவா? அங்கே என்ன இருந்தது?

உனக்கு இது புதிது, அதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். நீ படித்த தெருமுனைப் பள்ளியில் நம் ஆட்கள் மட்டும்தான். என்னை நீச்சலுக்காகப் பெரிய பள்ளியில் சேர்த்தார்கள். என் நீச்சல் அணியில் நாலு இனத்துப் பையன்கள் இருந்தோம். போட்டிக்கு வெளியூர் போனால் எல்லோருக்கும் ஒரே பெரிய அறை. காலையில் எழுந்தால் என் படுக்கையில் நாலு செருப்பு கிடக்கும். தூங்கும்போது என் மேல் எறிந்திருப்பார்கள். நம் வீட்டில் செருப்பை எறிந்தால் அப்பா என்ன செய்வார் என்று யோசித்துப் பார். அங்கே அது பாசம். அப்படித்தான் பழகினோம். அதனால் எனக்கு யாரைப் பார்த்தாலும் பயம் வராது. நல்லபடியாகத்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டே போவேன். பெரும்பாலும் அப்படியே நடக்கிறது.

இங்கே என் அறையில் இருப்பவன் ஒரு சுரங்க ஊர்க்காரன். அந்த ஊரில் அவன் இனத்தவரைத் தவிர வேறு யாரும் இல்லையாம். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். முதல் நாளே முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "என்னப்பா ஒட்டகச்சிவிங்கி, மேல காத்து எப்படி இருக்கு?" என்றேன். முடிந்தது விஷயம். இப்போது கட்டிலுக்குக் கட்டில் நண்பர்கள்.

நீயும் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டு.

பின்னால் வந்தவன்


செப்டம்பர் 25

டேய் நில அளவை,

முகக்கவசம் போட்டிருந்தாள். சரி. முகம் சுளித்ததை நான் பார்க்கவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்தால் சுளித்திருப்பாள் என்று தோன்றியது. போதுமா? வெளியே போய் நிற்கட்டுமா?

கையுறையைப் பற்றி நீ கேட்டபோது எரிச்சலாக வந்தது. அடுத்த வகுப்பில் வேண்டுமென்றே கவனித்தேன். விளக்கின் கைப்பிடியைத் தொட்டால் கையுறையை மாற்ற வேண்டும். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். அவள் அன்றைக்கு விளக்கை இழுத்தாள், நானே உனக்கு எழுதியிருக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. நானும் செய்யவில்லை. அவள் ஒவ்வொரு தடவையும் மாற்றுகிறாள்.

ஆனால் சிகரெட்டை நான் கற்பனை செய்யவில்லை. அது அவள் வாயிலிருந்து வந்தது.

மூன்றாவது கேள்வி. அவள் ஈறு ரத்தச் சிவப்பு. பல்லுக்குப் பல் வீங்கியிருந்தது. பார்த்ததை அப்படியே அட்டையில் 'அழற்சி' என்று எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு பல்லுக்கும் நேரே குறித்தேன். அதற்கென்ன இப்போது?

மேலே உள்ளதை எழுதி மூன்று நாள் ஆகிறது. உறையில் போடாமல் வைத்திருந்தேன். இன்றைக்கு அட்டைகள் திரும்பி வந்தன. என் அட்டையில் இடுக்கி மேலிருந்து கீழே ஒரே கோடு அடித்திருக்கிறார். 'ஆரோக்கியமான ஈறு' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் ஈறு புத்தகப் படத்தைவிடச் சிவப்பாகத் தெரியுமாம். நான் இதுவரை அருகில் பார்த்த வாய்கள் எல்லாம் நம் வீட்டு வாய்களும் நம் தெரு வாய்களும். சிவப்பாக எதையாவது பார்த்தால் அது புண்தான்.

அவளுக்கு என் கறுப்பு நோயாகத் தெரிந்தது. எனக்கு அவள் சிவப்பு நோயாகத் தெரிந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். என் வாயை ஊரே எட்டிப் பார்த்தது. அவள் வாய்க்கு ஒரு கோடு, அவ்வளவுதான். அவளுடைய ஈறு புத்தகத்தில் இருக்கிறது, என்னுடையது இல்லை. இதையும் உன் கருவியில் வைத்து அளந்து சொல்.

முதுகில் தட்டச் சொல்கிறாய். உனக்கு நீச்சல் வந்தது, எனக்கு வரவில்லை. அதனால் உனக்கு நாலு இனத்துச் சிநேகிதம். எனக்கு ஒரே தெருவில் ஆறு தோழிகள். அந்த ஆறு பேரைப் பற்றி இளப்பமாக ஒரு வார்த்தை பேசாதே. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ ஒட்டகச்சிவிங்கி என்றதும் அவன் சிரித்தானா? நீ சிரித்தாய், அது தெரியும். அவன்?

ஜோடி மாற்றம் கேட்க நாளைக்குப் போகிறேன். அட்டை விஷயம் வேறு, ஊசி விஷயம் வேறு.

முந்திப் பிறந்தவள்


அக்டோபர் 2

அக்கா,

போய்விட்டான்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்து அறைக்கு வந்தேன். அவன் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. அலமாரியில் அவன் பக்கம் காலி. சுவரில் அவன் ஒட்டியிருந்த சுரங்கத்துப் படத்தையும் கிழியாமல் பிரித்து எடுத்துப் போயிருக்கிறான். விடுதிக் காப்பாளரிடம் கேட்டேன். "வேற ரூம் கேட்டான், குடுத்தேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். "அவன் சொல்லல. நான் ஏன் கேட்கணும்? நீங்க என்ன புருஷன் பொண்டாட்டியா?" என்றார்.

ஒரு மாசம், அக்கா. அவன் துணி காயப்போடக் கயிறு கட்டிக் கொடுத்தவன் நான். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கி வந்தவன் நான். ஒரு வார்த்தை சொல்லாமல் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுப் போகிறான்.

அதைவிடக் கொடுமை, களப் பயிற்சியில் இன்னும் அவன்தான் என்னோடு. மைதானத்தின் அந்தக் கோடியில் அவன் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்தக் கோடியிலிருந்து நான் கருவிக்குள் பார்த்து எண்ணை வாசிக்க வேண்டும். எங்கள் கல்லூரிக் கருவி பழசு, எல்லாம் தலைகீழாகத் தெரியும். வானத்தில் கால் வைத்து நிற்கிறான். நான் கையைத் தூக்கினால் கோலை நிமிர்த்துகிறான், இறக்கினால் நகர்கிறான். வாய்ப்பேச்சு கிடையாது. எண்கள் மட்டும் பிசகாமல் வருகின்றன.

நீ கேட்டதற்குப் பதில்: ஒட்டகச்சிவிங்கி என்றபோது அவன் சிரித்தானா என்று ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதே பதில்தானோ என்னவோ.

உன் அறைத்தோழிகள் சொன்னதுதான் சரி போலிருக்கிறது. நாம் எவ்வளவு பழகினாலும் கடைசியில் அவர்கள் அப்படித்தான். நீ சண்டையை எதிர்பார்த்துப் போனாய், அதனால் உனக்கு அடி பலமாக விழவில்லை. நான் ஒன்றையும் எதிர்பார்க்காமல் போனேன்.

பின்னால் வந்தவன்


அக்டோபர் 9

டேய்,

'அவர்கள் அப்படித்தான்' என்று உன் கையெழுத்தில் படித்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அது என் வரி. அதை எழுதும் உரிமை உனக்குக் கிடையாது. உனக்குத்தான் யாரைப் பார்த்தாலும் பயம் வராதே?

இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

இடுக்கியின் அறைக்குப் போனேன். ஜோடியை மாற்ற வேண்டும் என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். "நேத்து சாயங்காலம் உன் ஜோடியும் இங்கதான் நின்னா. இதையேதான் கேட்டா" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. கேவலமான சந்தோஷம்தான். ஆனால் துள்ளியது.

இடுக்கி சொன்னார்: "வகுப்புல எத்தனையோ ஜோடி தினமும் சண்டை போடுது. நீங்க ரெண்டு பேர்தான் ஒரே கருத்துல இருக்கீங்க. இவ்வளவு ஒத்துப்போற ஜோடியை நான் ஏன் பிரிக்கணும்? போ."

அவள் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நேரே போய் நின்றேன். அவள் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"மாத்தச் சொல்லிக் கேட்டியாமே?" என்றேன்.

"ஆமா."

"என் வாய் அவ்வளவு அருவருப்பா இருக்கா?"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "என்னது? நான் கைய வாய்கிட்ட கொண்டுவந்தாலே உன் தோள் கல்லு மாதிரி ஆயிடுது. என் கைய உனக்குப் பிடிக்கலைன்னு யாரும் சொல்லித் தெரியணுமா? நீ பயந்தா என் கை நடுங்கும். நடுங்கினா ஊசி தப்பாப் போகும். உனக்குப் பிடிச்ச யாராவது போடட்டும்னுதான் கேட்டேன்."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல? நீ பேசறதே இல்லியே."

"ஒரே ஒரு தடவை பேசினேன். சிகரெட் பிடிப்பியான்னு கேட்டேன். அதுக்கப்புறம் வாயைத் திறக்கத் தோணுமா எனக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரம், நீ போனில் சிரித்தது போலவே. அவளுக்கும் வந்தது. பிறகு கேட்டேன், உண்மையிலேயே தெரியாதா என்று. அவள் அப்பா ஒரு சின்ன ஊரில் பல் டாக்டராம். வீட்டு அலமாரி முழுக்க வாய்ப் படங்களாம். "சின்ன வயசுலேர்ந்து அதைத்தான் புரட்டுவேன். அதுல ஒண்ணுகூட உன் வாய் மாதிரி இல்ல. நோய்ப் பக்கத்துல மட்டும்தான் கறுப்பு இருக்கும்" என்றாள்.

அப்புறம் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "உன் அட்டையைப் பார்த்தேன். எனக்கு நிஜமாவே அழற்சியா? ஒரு வாரமா ரெண்டு வேளையும் அழுத்தி அழுத்தித் தேய்க்கிறேன். இப்பத்தான் ரத்தம் வருது."

இடுக்கி அடித்த கோட்டை அவளிடம் யாரும் காட்டவில்லை. நான்தான் சொன்னேன். தேய்ப்பதை நிறுத்தச் சொன்னேன். மென்மையான பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. என் அறைத்தோழிகளில் ஒருத்தி மூன்றாம் வருஷம். போன வாரம் ஒரு நோயாளி அவளைப் பார்த்துவிட்டு "வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். அவள் சொல்கிற கதைகள் பொய் இல்லை. எனக்கு இப்போது தெரியாமல் இருப்பது ஒன்றுதான். எந்தத் தடவை அது, எந்தத் தடவை வெறும் கையுறை? வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கிறது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். போட்டிக்குப் போன ஊர்களில் உன் படுக்கையில் நாலு செருப்பு கிடக்கும் என்று எழுதினாய். அவர்கள் ஏன் எறிந்தார்கள் என்று எப்போதாவது கேட்டாயா? வீட்டில் நீயும் அப்பாவும் படுத்த பிறகு அம்மா அந்த அறைக் கதவை ஏன் இழுத்துச் சாத்துகிறாள்? சித்தப்பா தங்க வந்தால் ஏன் சமையலறையில் படுக்கிறார்? அப்பாவின் குறட்டைக்குள் உன்னுடையது கரைந்துபோகும். அங்கே அப்பா இல்லை.

முந்திப் பிறந்தவள்


அக்டோபர் 15

அக்கா,

நான் குறட்டை விடுவதில்லை. விட்டால் எனக்குக் கேட்காதா?

செருப்பை ஏன் எறிந்தார்கள் என்று பழைய அணித்தலைவனுக்குப் போன் செய்து கேட்டேன். அவன் சிரித்து முடிக்கவே நெடுநேரம் ஆனது. அதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள மறுக்கிறேன்.

சரி, ஒரு பேச்சுக்கு விடுகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். நான் என்ன செய்ய வேண்டும்? நெட்டையன் முன்னால் போய் நின்று, 'என் நிறத்துக்காகப் போனாயா, குறட்டைக்காகப் போனாயா' என்று கேட்க வேண்டுமா? குறட்டை என்றால் வெட்கம். நிறம் என்றால்? கேட்காத வரைக்கும் எனக்கு அரை நம்பிக்கையாவது இருக்கிறது. கேட்டுவிட்டால் அதுவும் போகலாம். அவனை விடு, பள்ளியில் கிடைத்ததெல்லாம் நிஜம்தானா என்று சந்தேகம் வந்துவிடும். எனக்குப் பயமே வராது என்று உனக்குப் பெருமையாக எழுதினேன். இதற்குப் பயமாக இருக்கிறது.

உன் ஊசி எப்போது? படுத்திருக்கப் போகிறாயா?

பின்னால் வந்தவன்


அக்டோபர் 24

டேய்,

கீழுதடு பாதி மரத்திருக்கிறது. தேநீர் குடித்தால் பாதி உள்ளே, பாதி சட்டையில். இன்னும் உணர்ச்சி வரவில்லை. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

இன்றைக்குத்தான் ஊசி. நேற்றே அவளும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். கை என்ன செய்யப்போகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது. கண்ணில் பட்டதை உடனே சொல்லிவிடுவது. மரியாதை பார்க்கக் கூடாது.

முதலில் அவள் எனக்குப் போட்டாள். "விளக்கைத் தொட்டேன், கையுறை மாத்தறேன்" என்றாள். "கடைசிப் பல்லுக்குப் பின்னாடி எலும்பைத் தடவறேன். இப்ப ஊசி. உள்ள போறேன். ரத்தக்குழாய்ல இல்லையான்னு பின்னால இழுத்துப் பார்க்கறேன். இல்ல. மருந்தை மெதுவா விடறேன்." குரல் நடுங்கியது. கை நடுங்கவில்லை. என் தோள் என்ன செய்ததோ தெரியாது.

காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. மருந்து இடம் தவறிப் போயிருந்தது.

இடுக்கி வந்து என்னைக் கேட்டார்: "மரத்துச்சா?"

அந்த ஒரு நொடியை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. 'ஆமாம்' என்றால் அவள் தேறிவிடுவாள், எனக்கும் இரண்டாவது ஊசி கிடையாது. எல்லோருக்கும் மரியாதை மிஞ்சும். 'இல்லை' என்றால் அறை முழுக்கக் கேட்கும். நான் பழி தீர்த்துக்கொண்டதாக அவள் நினைக்கலாம். கவசத்துக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது இந்தத் தடவை எனக்குத் தெரிந்திருந்தது.

"இல்ல மேடம், மரக்கல" என்றேன். பிறகு அவளிடம், "இன்னொரு தடவை போடு. கொஞ்சம் மேல போட்டுப் பாரு. நான் எங்கயும் போகல" என்றேன்.

அவள் இன்னொரு தடவை போட்டாள். கொஞ்ச நேரத்தில் உதட்டோரம் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் உதடே இல்லை.

அடுத்து என் முறை. அவளுக்கு வாய் சின்னது. நான் குனிந்தபோது கண்ணாடி அவள் பல்லில் இடித்தது. "இடிக்கறே" என்றாள். "தெரியுது, வாயை இன்னும் திற" என்றேன். எனக்கு முதல் தடவையே சரியாக விழுந்தது. அதை அவளிடம் இரண்டு தடவை சொல்லிக்காட்டினேன். ஒட்டகச்சிவிங்கி ஞாபகம் வந்து, அவள் சிரிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். சிரித்தாள். கோணலாக, ஒரு பக்கம் மட்டும்.

படிக்கட்டில் உட்கார்ந்து இருவரும் தண்ணீர் குடிக்க முயன்றோம். இரண்டு பேர் முகவாயிலும் ஒழுகியது. "உங்க அறையில என்னை என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டாள். மரியாதை பார்க்கக் கூடாது என்ற ஏற்பாடு இன்னும் முடியவில்லையாம். முடி நிறத்தைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "எங்க அறையில உன்னை 'முறைக்கிறவ'ன்னு சொல்லுவோம்" என்றாள். அவங்க ஆட்களுக்குக் கோபம் ஜாஸ்தி, பார்த்து நடந்துக்கோ என்று அவளுடைய அறைத்தோழிகள் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்களாம். அங்கேயும் ஓர் அறை, அங்கேயும் நாலு தோழிகள். நான் வாயைத் திறக்கும் முன்னால் என்னைப் பற்றி அங்கே பேசி முடித்துவிட்டார்கள். நாங்கள் இங்கே அவளைப் பற்றிப் பேசி முடித்தது போல.

என் ஜோடி இன்று சாயங்காலம் எங்கள் அறைக்கு வருகிறாள். என் தோழிகள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

நீ போய்க் கேள். நிறம் என்று சொன்னால் எனக்கு எழுது. உன்னோடு சேர்ந்து நானும் கோபப்படுகிறேன், அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. குறட்டை என்றால் அம்மாவுக்குப் போன் செய்து சிரிப்பேன்.

முந்திப் பிறந்தவள்


நவம்பர் 3

அக்கா,

கேட்டேன்.

களப் பயிற்சி முடிந்து கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தோம். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "நீ போனது என் நிறத்தாலயா, குறட்டையாலயா?" என்றேன். கோலைக் கீழே போட்டுவிட்டான். அவனுக்குக் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. உன் அட்டையாக இருந்தால் அழற்சி என்று எழுதியிருப்பாய்.

"அந்த ரூம்ல நான் ஒரு ராத்திரியாவது தூங்கினேனா, தெரியுமா உனக்கு?" என்றான்.

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? உங்க ஆளுங்க சத்தம் ஜாஸ்தின்னு எங்க ஊர்ல ஒரு பேச்சு உண்டு. நான் குறட்டைன்னு சொன்னா, நீ அதைத்தான் சொல்றேன்னு நினைப்பே. எனக்குக் கஞ்சி வாங்கிக் குடுத்தவன் நீ. உன்கிட்ட எப்படிச் சொல்ல முடியும்? அதான் பேசாம போயிட்டேன்." கோலை எடுத்துக்கொண்டே, "ஒட்டகச்சிவிங்கியும் பிடிக்கல" என்றான். "நாலாம் வகுப்புலேர்ந்து கேக்கறேன்."

அதற்குப் பிறகு நான் அப்படிக் கூப்பிடவில்லை.

திரும்பி வரச் சொன்னேன். காதுக்குப் பஞ்சு வாங்கித் தருகிறேன் என்றேன். "அதுக்கும் மேல சத்தம் வந்தா செருப்பை எடுத்து எறி" என்றேன். அவன் பயந்துவிட்டான். "செருப்பா? உன் மேலயா? அது உங்க ஆட்களுக்கு ரொம்பப் பெரிய அவமானமாச்சே, யாரோ சொன்னாங்க" என்றான். ஆமாம், பெரிய அவமானம்தான், நீ எறியலாம் என்றேன்.

மறுநாள் மெத்தையோடு வந்தான். சுரங்கத்துப் படத்தைப் பழைய இடத்திலேயே ஒட்டினான். நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. தினமும் கண் எரிய எரிய எழுந்து, "நல்லா தூங்கினேன்" என்று மரியாதையாகச் சொன்னான். மறுபடியும் மெத்தையைச் சுருட்டிவிடுவானோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்று காலை எழுந்து காலைக் கீழே வைத்தேன். என் கட்டிலுக்குப் பக்கத்தில் படகு அளவுக்கு ஒரு செருப்பு கிடந்தது. இன்னொன்று என் தலையணை மேலேயே இருந்தது. முதல் செருப்புக்கு நான் அசையவில்லை போலிருக்கிறது.

அவன் வெறுங்காலோடு குளிக்கப் போயிருந்தான். இரண்டையும் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினேன்.

பின்னால் வந்தவன்